வர்க்கமூலத்தை அவசரப்பட்டு உடைக்காதீர்கள்

"உன் வேலையைப் பற்றிப் பேசு" என்றார் சங்கச் செயலாளர். நான் பேசப்போவது பள்ளிக்கூடத்துக் கணக்கு. முகம் சுளிக்காதீங்க!

√8 + √18 எவ்வளவு? √26 என்று பின்வரிசையில் ஒரு குரல்! √8 என்பது 2√2, √18 என்பது 3√2. ஆக 5√2, ஏறத்தாழ 7.07. √26 ஐந்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இது சுலபம். ஆனால், "கால்குலேட்டர் இருக்கும்போது வர்க்கமூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஏன் சார் மல்லுக்கட்டணும்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் இருப்புப்பாதைப் பொறியாளன். எங்கள் வேலையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

ரயில் பாதை வளைவைச் சோதிக்க, வெளித் தண்டவாளத்தில் 20 மீட்டர் நூலை இழுத்துப் பிடிப்போம். நூலின் நடுவிலிருந்து தண்டவாளம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்போம். இதற்கு வெர்சைன் என்று பெயர். வளைவின் ஆரம் 1000 மீட்டர் என்றால், பிதாகரஸ் தேற்றப்படி வெர்சைன் 1000 − √999900 மீட்டர்.

இங்கேதான் வம்பு. கால்குலேட்டர் 999.94999 என்று காட்டும். தாளில் எழுதும் கை 999.9 என்று நிறுத்திவிடும். கழித்தால் 0.1 மீட்டர், அதாவது 100 மி.மீ. உண்மையான விடை 50 மி.மீ.! சரியாக இருக்கும் பாதையைத் தப்பு என்று சொல்லி, கேங்மேன்களை வெயிலில் நிறுத்தித் தண்டவாளத்தை நகர்த்தச் சொல்வீர்களா?

இப்போது பள்ளியில் செய்ததைச் செய்யுங்கள். 1000 + √999900 என்பதால் பெருக்கி, அதனாலேயே வகுங்கள். மேலே 1000000 − 999900, அதாவது வெறும் 100. கீழே 1000 + √999900. இப்போது அதே கரடுமுரடான 999.9-ஐயே போடுங்கள், 100-ஐ 1999.9-ஆல் வகுத்தால் 0.05 மீட்டர். விடை அசையவே இல்லை. ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிப்பதுதான் ஆபத்து, கூட்டுவதில் பயமில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. அந்த வர்க்கமூலம் ஏறத்தாழ ஆரத்துக்கே சமம். எனவே கீழே இருப்பது இரண்டு ஆரம். 50,000-ஐ மீட்டரில் உள்ள ஆரத்தால் வகுத்தால் வெர்சைன் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். எங்கள் ஆட்கள் இதைத் திருப்பியும் போடுவார்கள்: நூல் 40 மி.மீ. காட்டினால், ஆரம் 1250 மீட்டர். மனக்கணக்குதான்.