காணாததை அளக்கும் கோல்



தொலைவில் ஓர் இருட்டறை. உள்ளே நுழைய வாயில் இல்லை. எட்டிப் பார்க்கப் பலகணியும் இல்லை. அதன் நீள அகலத்தை வெளியே நின்று அளக்க முடியுமா? முடியும். உள்ளே எழும் கைத்தட்டலும் அதன் எதிரொலியும் செவிக்கு எட்டினால் போதும். இரண்டிற்கும் இடைப்பட்ட பொழுது அறையின் அளவைச் சொல்லிவிடும். விண்ணியலார் கோடிக்கணக்கான ஒளியாண்டுகட்கு அப்பால் உள்ளவற்றை அளப்பதும் இவ்வாறே.

கோடானுகோடி விண்மீன்கள் கூடியது உடுத்திரள். சில உடுத்திரள்களின் நடுவிடம் மட்டும் அளவிறந்து ஒளிர்வதை 1943-இல் கார்ல் சீபெர்ட்டு எடுத்துரைத்தார். 1963-இல் மார்ட்டன் சிமித்து என்பார், வெறும் விண்மீன்போல் தோன்றிய ஓர் ஒளிப்புள்ளி 200 கோடி ஒளியாண்டிற்கும் அப்பால் இருப்பதைக் கண்டறிந்தார். அத்துணைத் தொலைவிலிருந்தும் தெரிகின்றதெனில், அதன் ஆற்றல் எத்தகையதாதல் வேண்டும்!

இவ்வகை நடுவிடங்கள் ஊடுகதிரையும் உமிழ்கின்றன. ஆனால் நிலவுலகைச் சூழ்ந்த காற்று அக்கதிரைத் தடுத்துவிடும். ஆகவே கருவிகள் காற்றைக் கடந்து மேலே செல்ல வேண்டியிருந்தது. 1962-இல் சியாக்கோனி குழுவினர் செலுத்திய ஏவுகலன், ஞாயிற்றுக் குடும்பத்திற்கு அப்பாலிருந்து வந்த ஊடுகதிரை முதன்முதல் கண்டது. 1970 திசம்பர் 12-இல், கென்யா நாட்டின் விடுதலை நாள் நினைவு கொண்டாடப்பட்ட அன்று, அந்நாட்டுக் கடலோரத்திலிருந்து ஊடுகதிர் ஆய்வுக்கென்றே முதற் செயற்கைமதி ஏவப்பட்டது. செய்தவர் அமெரிக்கர், சூட்டிய பெயரோ 'உகூரு'. சுவாகிலி மொழியில் அதற்கு 'விடுதலை' என்று பொருள். தாய்மொழிச் சொல்லொன்று விண்ணேறிய நாள் அது!

இக்கதிர் எங்ஙனம் பிறக்கின்றது? நடுவே பெருங் கருந்துளை ஒன்று இருக்கின்றது. அதனை நோக்கி விழும் வளி நேரே விழாமல், வட்டாகச் சுழன்று, உராய்ந்து, வெம்மையுற்றுக் கண்ணொளியும் புறஊதாக் கதிரும் வீசுகின்றது. கருந்துளைக்கு மிக அணித்தே, ஏறத்தாழ 100 கோடி பாகை வெம்மையுடைய எதிர்மின்னிகளின் முகில் ஒன்று நிற்கின்றது. அதற்குச் 'சுடர்முடி' எனப் பெயரிடலாம். வட்டிலிருந்து வரும் ஒளித்துகள்கள் அங்கே மோதி, ஆற்றல் பெற்று, ஊடுகதிராய் வெளிப்படுகின்றன.

அவ்வொளி நிலையாய் நில்லாது. மணிக்கணக்கில், சிலவற்றில் மணித்துளிக் கணக்கிலும், ஏறியிறங்கும். இந்தத் துடிப்பே அளவுகோல்! ஒளி நொடிக்கு 3 இலக்கம் கிலோமீட்டர் செல்லும். பெரியதொரு பொருள் ஒரே நொடியில் மங்கினாலும், அதன் அண்மைப் பகுதியின் மங்கல் முன்னும் சேய்மைப் பகுதியின் மங்கல் பின்னுமே வந்து சேரும். எனவே 1,000 நொடிக்குள் ஒளி முழுதும் மாறுமாயின், ஒளிரும் இடம் பொதுவாக 30 கோடி கிலோமீட்டருக்கு மேற்பட்டதாக இராது. அது ஞாயிற்றுக்கும் நிலவுலகிற்கும் உள்ள தொலைவின் இரு மடங்கே. உடுத்திரள் முழுவதையும் விஞ்சும் ஒளி, அத்துணைச் சிற்றிடத்தில்! எதிரொலியும் கேட்டது: 2009-இல் ஓர் உடுத்திரளில், சுடர்முடியின் கதிருக்கு ஏறத்தாழ 30 நொடி பிந்தி, வட்டில் பட்டு மீண்ட கதிர் வந்ததை ஆய்வாளர் வெளியிட்டனர்.

அளவுகோல் கைக்கு வந்ததும் அறியாமை அகன்றுவிட்டதா? இல்லை. 27 கோடி ஒளியாண்டுத் தொலைவில் '1இஎசு 1927+654' என்றோர் உடுத்திரள் உள்ளது. 2018-இல் அதன் நடுவிடம் கண்ணொளியில் திடுமெனப் பொலிந்தது. ஊடுகதிரோ, ஓராண்டிற்குள் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குன்றியது. சுடர்முடியே அழிந்தது, பின்னர் மீண்டும் உருவாகி, முன்னினும் மிகுதியாய் ஒளிர்ந்தது. கருந்துளையை அணுகிய விண்மீனொன்று சிதைந்து வட்டைக் குலைத்ததோ? வட்டின் காந்தப்புலம் தலைகீழாய்த் திரும்பியதோ? இரண்டும் ஆராயப்படுகின்றன.

2022-இல் அங்கே 18 மணித்துளிக்கு ஒருமுறை ஊடுகதிர் துடிக்கக் கண்டனர். ஈராண்டில் அவ்விடைவெளி 7 மணித்துளியாய்ச் சுருங்கியது. அங்குள்ள கருந்துளையின் பொருண்மை, ஓர் அளவீட்டின்படி, ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 14 இலக்கம் மடங்கு. அது சுழலாததெனக் கொண்டால், அதன் எல்லையின் ஆரை ஏறத்தாழ 41 இலக்கம் கிலோமீட்டர். ஒளி ஏறத்தாழ 14 நொடியில் கடக்கும் தொலைவு. அவ்விளிம்பையொட்டி வெண்குறுமீன் ஒன்று சுற்றுகின்றது என்பது ஒரு கருத்து. சுடர்முடியே அதிர்கின்றது என்பது மற்றொன்று. வருங்காலத்தில் விண்ணில் நிறுவப்படவுள்ள ஈர்ப்பலை அளவி இவ்வழக்கைத் தீர்க்கக்கூடும்.

வெண்குறுமீன் தாங்கும் பொருண்மைக்கு வரம்புண்டு. அது ஞாயிற்றின் 1.4 மடங்களவே. இத்தகைய வரம்பு உண்டென்பதை 1930-இல், தம் பத்தொன்பதாம் அகவையில், இங்கிலாந்து செல்லும் கப்பலில் கணித்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1999-இல் விண்ணிற் சென்ற ஊடுகதிர்த் தொலைநோக்கி 'சந்திரா' அவர் பெயரையே தாங்கியது.

அவையோரே! கருந்துளை தன் ஒளியைத் தருவதில்லை. தன்னைச் சுற்றி எழும் துடிப்பாலேயே அறியப்படுகின்றது. அத்துடிப்பைப் பொறுமையாய்க் குறித்தவர்க்கே அதன் அளவு புலப்பட்டது. பழைய கருத்து பொய்த்தவிடத்து அதனை ஒப்புக்கொண்டவர்க்கே அடுத்த வாயில் திறந்தது. இளைஞர்காள்! நோக்குக; குறிக்க; கணிக்க! கப்பலின் மேல்தளத்தில் பத்தொன்பது அகவை இளைஞருக்குத் தாளும் எழுதுகோலும் போதுமானவையாய் இருந்தன.