சிவப்பணுவைப் பிடித்து நிறுத்தும் தையல்

காலை ஷிப்டுக்குக் கிளம்பும் திருப்பூர் தையல்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ஜட்டியின் இடுப்பில் எலாஸ்டிக் நன்றாக இருக்கும், துணியும் நன்றாக இருக்கும். இரண்டையும் பிடித்திருக்கும் தையல் விட்டுப்போனால் அளவு நிற்குமா?

நம் ரத்தச் சிவப்பணுவிலும் மேலே ஒரு மெல்லிய சவ்வு, அதனடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வலை. இரண்டையும் இணைப்பது ஆங்கிரின் என்ற புரதம். அமெரிக்க விஞ்ஞானி வான் பென்னட்டின் ஆய்வுகள் 1979 வாக்கில் இதை வெளிக்கொண்டுவந்தன.

மரபணுப் பிழையால் இந்தப் பிடிப்பு தளர்ந்தால், சவ்வு துணுக்குத் துணுக்காக உதிரும். நடுவில் குழிந்து தட்டுபோல இருக்க வேண்டிய அணு உருண்டையாகிவிடும். உருண்டை எளிதில் வளைந்து கொடுக்காது. மண்ணீரலின் குறுகிய இடுக்கில் சிக்கி அழியும். சுமார் 120 நாள் வாழ வேண்டிய அணு சீக்கிரமே போய்விடும். விளைவு, சோகை, மஞ்சள் கண், இளவயதிலேயே பித்தப்பைக் கல். பெரும்பாலும் தாய், தகப்பனில் ஒருவருக்கு இந்தப் பிழை இருந்தாலே பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சோகை என்றால் இரும்புச்சத்து மாத்திரை, கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி என்றே பல வருஷம் ஓடிவிடுவதுதான் எனக்கு வருத்தம். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே உருண்டை அணுக்கள் தெரிந்துவிடும். இந்த அணுக்கள் சிக்கி அழியும் மண்ணீரலைக் குடும்பத்தில் யாருக்காவது எடுத்திருந்தால், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.