அச்சுக்கூடத்தின் பக்கமிருந்து ‘காமன் சென்ஸ்’



முடியாட்சியை எதிர்த்த பிரசுரங்களின் அச்சு வரலாற்றை ஆராயக் கூடியிருக்கிறோம். தலைமையுரைக்கு, அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற வேண்டும் என்று தாமஸ் பெயின் எழுதிய ‘காமன் சென்ஸ்’ என்ற சிறுநூலை எடுத்துக்கொள்கிறேன். அதன் கருத்துகளைப் பற்றி ஏராளமாகப் பேசிவிட்டோம். அதை அச்சுக் கோத்தவர்களையும் விற்றவர்களையும் பற்றிப் பேசியது குறைவு. அந்தக் குறை என்னை நெடுநாளாக உறுத்துகிறது.

1776 ஜனவரி 10 அன்று பிலடெல்ஃபியாவில் நூல் வெளிவந்தது. பெயின் இங்கிலாந்திலிருந்து வந்து ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. மன்னரைச் சாடும் எழுத்தை அச்சிடத் துணிபவர் யார்? மருத்துவர் பெஞ்சமின் ரஷ் ராபர்ட் பெல்லைக் கைகாட்டினார். பெல் ஸ்காட்லாந்துக்காரர், டப்ளினில் புத்தகக் கடை நடத்தியவர். ஆசிரியர் பெயர் இல்லாமல், இரண்டு ஷில்லிங் விலையில் முதல் ஆயிரம் படிகள் வந்தன.

லாபத்தில் பாதி பெல்லுக்கு. மறுபாதியில், பிரிட்டனை எதிர்த்துக் கியூபெக் போர்முனையில் நின்ற அமெரிக்க வீரர்களுக்குக் கையுறை வாங்குவது என்பது ஏற்பாடு. படிகள் விற்றுத் தீர்ந்தும் லாபமே இல்லை என்றார் பெல். பெயின் கொதித்துப்போனார். திருத்தி விரித்த பதிப்பைப் பிராட்ஃபோர்டு அச்சகக் குடும்பத்தாரிடம் கொடுத்தார். 6,000 படிகளுக்கான செலவைத் தாமே ஏற்றார். விலையை ஒரு ஷில்லிங்காகக் குறைத்தார். பெல்லோ தம் விருப்பப்படி இரண்டாம் பதிப்பை அச்சிட்டார். பிறகு, பிறர் எழுதியவற்றையும் திரட்டி, கூடுதல் பகுதிகள் என்று விற்றார். ‘காமன் சென்ஸ்’ஸை மறுத்து ஜேம்ஸ் சாமர்ஸ் எழுதிய ‘பிளெய்ன் ட்ரூத்’தை அச்சிட்டவரும் அவரே. பெயின், பெல் இருவரின் சண்டை பத்திரிகைக்கு வந்து ஊரறிந்தது. அந்தச் சண்டைதான் நூலைப் பரப்பியது என்பது என் துணிபு. விலை பாதியானது, பேச்சு இரட்டிப்பானது. பெயின் பதிப்புரிமையையும் விட்டுக்கொடுத்ததால் நியூயார்க், பாஸ்டன் என்று பிற ஊர்களின் அச்சகத்தார் தாமாகவே மறுபதிப்புச் செய்தார்கள். ஜெர்மன் பேசும் குடியேறிகளுக்காக அச்சகத்தாரான ஸ்டைனரும் சிஸ்டும் மொழிபெயர்ப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

எத்தனை படிகள் விற்றன? மூன்று மாதத்தில் 1,20,000 என்று பெயினே சொன்னார். பின்னர் அது 1,50,000 ஆனது. பின்வந்தோர் ஐந்து லட்சம் வரை ஏற்றினார்கள். ரிச்சர்ட் கிம்பெல் 1956இல் வெளியிட்ட பதிப்புப் பட்டியல் நமக்குக் கிடைத்த நல்ல அடித்தளம். அமெரிக்காவில் 1776இல் மட்டும் 25 பதிப்புகள் வந்தன என்பது கணக்கு. பதிப்புக்கு மூவாயிரம் என்று தாராளமாக வைத்தாலும் 75,000தான் வரும். மர அச்சுப்பொறியில் ஒவ்வொரு தாளையும் கையால் மையிட்டு அழுத்திய காலம் அது. போரால் காகிதத்துக்கும் தட்டுப்பாடு. எனவே அந்தப் பெரிய எண்களைப் பற்றி ஆய்வாளர் டிரிஷ் லக்ரன் எழுப்பிய ஐயத்தை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். படி எண்ணிக்கை குறைந்தால் நூலின் பெருமை குறைந்துவிடாது. ஒரு படியைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது எந்த அச்சகக் கணக்கிலும் ஏறாது.

லண்டன் பதிப்பு இன்னும் நெருக்கமான ஆய்வை வேண்டுவது. ஜான் ஆல்மன் அதை வெளியிட்டார். ஜூனியஸ் என்ற புனைபெயரில் மன்னருக்கு எழுதப்பட்ட கடிதத்தை விற்றதற்காக 1770இல் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றவர் அவர். எனவே மன்னரைத் தாக்கும் இடங்களில் எழுத்தை நீக்கி வெற்றிடம் விட்டார். வாங்கிய சிலர் அவ்வெற்றிடங்களில் விடுபட்ட சொற்களை மையால் எழுதி நிரப்பினார்கள். அப்படி நிரப்பிய படிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன.

இந்த அமர்வுகளில் கட்டுரை படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். மின்னுருவில் கிடைக்கும் ஒரே படியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வேறுவேறு நூலகங்களின் படிகளை எடுத்து, ஓரக் குறிப்பு, விலை, தாள், பின்னிணைப்பு அனைத்தையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். முதல் அமர்வு பெல்–பிராட்ஃபோர்டு பதிப்புகளைப் பற்றியது; முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.