எந்த டிஃபரன்ஷியலைப் போடுவது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய எஞ்சினை மாற்றிப் பொருத்தும்போது எந்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைத் தேர்ந்தெடுப்பது? இதுதான் இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு. மெக்கானிக்கல் படிக்காதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். மெக்கானிக்கல்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கணும்.

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடணும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் டயர் தேயும், வண்டி திரும்ப மறுக்கும். இதற்கு விடையாக பிரான்சு நாட்டு பெக்கர் என்பவர், நீராவி வண்டிக்கு என்று 1828ல் டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை வாங்கினார். அருமையான ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு குணம் உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் அது எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால், மற்றதற்கும் அந்தக் குறைந்த அளவுதான் கிடைக்கும்.

சேற்று வயலில் டிராக்டர் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சக்கரம் சும்மா சுற்றும், இன்னொன்று அசையாமல் நிற்கும். டிரைவர் டிஃபரன்ஷியல் லாக் பெடலை மிதிப்பார். இரண்டும் சேர்ந்து சுற்றும், வண்டி வெளியே வரும். மெதுவாகப் போகும் டிராக்டருக்கு அது போதும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் போகிற காருக்கு முழுப் பூட்டும் ஆகாது, முழுச் சுதந்திரமும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் லிமிடெட் ஸ்லிப்.

1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரில் சக்தி மிக அதிகம். ஒரு பின்சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றியது. அதற்காக 1935ல் இசட்.எஃப். நிறுவனத்திடம் ஒரு லிமிடெட் ஸ்லிப் கேட்டு வாங்கினார். 1956ல் அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் அது சாதாரண வாடிக்கையாளருக்கும் கிடைத்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்ளுவோம். 1989ல் வந்த மஸ்டா எம்.எக்ஸ்-5. சின்னக் கார், பின்சக்கர இயக்கம், 1.6 லிட்டர் எஞ்சின். அமெரிக்காவில் இதற்குள் வி-8 எஞ்சினைத் திணிப்பது பலருக்கு ஒரு பித்து. 1997 கார்வெட்டில் வந்த 5.7 லிட்டர் எல்.எஸ்-1 அதற்குப் பெயர் போனது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மஸ்டாவின் 1.6 எஞ்சின் சுமார் 136 நியூட்டன் மீட்டர் கொடுக்கும். முதல் கியர் 3.14. பெருக்கினால், கியர் பாக்ஸிலிருந்து வெளியே வருவது சுமார் 427. எல்.எஸ்-1 கொடுப்பது 475. அதோடு வரும் கியர் பாக்ஸின் முதல் கியர் 2.66. பெருக்கினால் சுமார் 1,263. அதாவது மூன்று மடங்கு! மஸ்டாவின் அந்த முதல் டிஃபரன்ஷியலில் கிரவுன் வீல் வெறும் 6 அங்குலம். 1994ல் 1.8 எஞ்சின் வந்தபோது கம்பெனியே அதை 7 அங்குலமாக ஆக்கியது. தன்னுடைய எஞ்சின் கொஞ்சம் வளர்ந்ததற்கே அப்படி என்றால், வி-8 வந்தால் என்ன செய்யணும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனவே முதல் கேள்வி "எந்த லிமிடெட் ஸ்லிப்?" என்பது அல்ல. "பல் தாங்குமா?" என்பதுதான். அதனால்தான் பலர் ஃபோர்டின் 8.8 அங்குல டிஃபரன்ஷியலை ஹவுசிங்கோடு கொண்டுவந்து மாட்டுகிறார்கள். அதிலும் ஸ்ப்ளைன் 28, 31 என்று இரண்டு வகை உண்டு. பார்த்து வாங்கணும். அது பலமாகிவிட்டால் பலவீனம் காணாமல் போகாது; அடுத்த இடத்துக்கு நகரும். ஹாஃப் ஷாஃப்ட், ஜாயிண்ட், ஹவுசிங்கைப் பிடிக்கிற பிராக்கெட் எல்லாவற்றையும் அதே கணக்கில் பார்க்கணும்.

இரண்டாவது கேள்வி, விகிதம். மஸ்டாவின் பழைய 4.3ஐ அப்படியே வைத்தால், 6,000 சுற்றில் முதல் கியர் சுமார் 57 கி.மீ. வேகத்தில் முடிந்துவிடும். கிளம்பியவுடனே கியர் மாற்றணும், டயரும் புகையும். 3.27 போட்டால் அதே கியர் 75 கி.மீ. வரை போகும். பெரிய எஞ்சினுக்குச் சின்ன எண்தான் அழகு.

மூன்றாவதாகத்தான் லிமிடெட் ஸ்லிப்பின் வகை. முக்கியமாக மூன்று.

விஸ்கஸ் வகை, கெட்டியான சிலிக்கோன் திரவத்தால் வேலை செய்வது. மென்மையானது. ஆனால் சக்கரம் வழுக்கிய பிறகுதான் விழித்துக்கொள்ளும். இத்தனை முறுக்குவிசைக்கு அது சரிப்படாது.

கிளட்ச் பிளேட் வகை. பிளேட்டுகள் அழுந்தி இரண்டு பக்கத்தையும் பிணைக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் பிடித்தால் ஒன்-வே. காலை எடுக்கும்போதும் பிடித்தால் டூ-வே. அப்போது கொஞ்சமாகப் பிடித்தால் ஒன்றரை-வே. சக்கரம் தரையை விட்டுத் தூக்கினாலும் முன் அழுத்தம் இருப்பதால் பிடி இருக்கும். பதிலுக்கு, பிளேட் தேயும், தனி எண்ணெய் வேணும், மெதுவாகத் திரும்பும்போது கடகடவென்று சத்தமும் போடும்.

மூன்றாவது, டார்சன் போன்ற பல்சக்கர வகை. அமெரிக்கரான கிளீஸ்மன் இதற்கு 1958ல் காப்புரிமை பெற்றார். தேய்கிற பிளேட் இல்லை, சத்தம் இல்லை. இதன் கணக்கு பெருக்கல் கணக்கு. மணலில் இருக்கும் சக்கரம் 400 தாங்கினால், சாதாரண டிஃபரன்ஷியலில் மொத்தம் 800தான். இதில் விகிதம் 2.5 என்றால் மறுபக்கம் 1,000 வரை போகும், மொத்தம் 1,400. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே ஐயா! அங்கேதான் இது கைவிடும்.

அப்படியானால் எது? ரோட்டில் ஓட்டி, எப்போதாவது டிராக்குக்குப் போகிறவருக்குப் பல்சக்கர வகை. உள்சக்கரம் தூக்குகிற அளவுக்குக் கெட்டியான சஸ்பென்ஷனோடு பந்தயம் ஓட்டுகிறவருக்கு ஒன்றரை-வே கிளட்ச். டூ-வே, டிரிஃப்ட் செய்பவர்களுக்குப் பிடித்தது. நீளம் குறைந்த காரில், தெரியாதவர் கையில், வளைவுக்குள் நுழையும்போது அது வண்டியை நேராகத் தள்ளும். எதிரே லாரி வரும் ரோட்டில் இது உயிர் போகிற விஷயம். "எது ரொம்ப இறுக்கமோ அதுவே உசத்தி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் பதிவு செய்த வண்டியில் இஷ்டத்துக்கு எஞ்சினை மாற்ற முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் கோவை கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகள் உங்களுக்கு இருக்கின்றன. அங்கே ஜட்ஜ் உங்களிடம் "ஏன் இந்த டிஃபரன்ஷியல்?" என்று கேட்பார். "போன வருஷ டீமும் இதைத்தான் போட்டாங்க" என்று சொல்லாதீர்கள். பல் தாங்குமா, விகிதம் பொருந்துமா, எந்தச் சக்கரம் எப்போது பிடியை இழக்கிறது என்று மூன்று பதிலைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். கேட்லாக்கை அதற்கு அப்புறம் திறக்கலாம்.