பொருள் இருந்தால் போதாது, இடமும் தெரிய வேண்டும்



நமது பாசிர் பெனம்பாங்கிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ளது கம்போங் குவாந்தான். அங்கே ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக அணைவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றித் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் சிலர் கணினியில் இரண்டு நிமிட அசைவுப்படம் ஒன்றைத் தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு என்னென்ன வேண்டும்? ஆற்றின் நிழற்படங்கள், கையால் வரைந்த மின்மினி, தவளைச் சத்தம், படகோட்டியின் பேச்சு. இவற்றோடு, பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் அந்தக் காலத்து ஆற்றங்கரையைப் பற்றிச் சொன்ன ஒலிப்பதிவும் உண்டு. சில நாட்களிலேயே நூறு கோப்புகள் சேர்ந்துவிடும். இவற்றை எப்படி அடுக்கி வைப்பது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருளில் ஒரு படத்தைச் சேர்க்கும்போது, அந்தப் படம் அதற்குள் போய்த் தங்கிவிடுவதில்லை. அது இருக்கும் இடத்தின் விலாசத்தை மட்டுமே மென்பொருள் குறித்துக்கொள்கிறது. குடியிருப்பவர் வேறு வீட்டிற்குப் போய்விட்டால், பழைய விலாசத்திற்கு வந்த கடிதம் திரும்பிப் போகிறது அல்லவா? அதைப் போலவே, கோப்பின் பெயரையோ இடத்தையோ மாற்றிவிட்டால், படம் இருந்த இடத்தில் வண்ணப் பட்டைகள் மட்டுமே தெரியும். பாட்டியின் குரலைத் தம்ப் டிரைவிலிருந்து நேரடியாகச் சேர்த்துவிட்டு, பிறகு அதைக் கழற்றிக்கொண்டு போனால், படத்தில் குரல் இராது.

ஆகவே வேலை தொடங்கும் முன்பே ஒரே தாய்க் கோப்புறையை உண்டாக்குங்கள். அதற்குள் நிழற்படம், ஓவியம், ஒலி, எழுத்துரு, முடிந்த படம் எனத் தனித்தனி அறைகள் இருக்கட்டும். எல்லாவற்றையும் முதலில் அங்கே நகல் எடுத்து வைத்த பிறகே மென்பொருளில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது பெயர். கேமரா இடும் எண்களைப் பார்த்து எது ஆறு, எது மரம் என்று யாரால் சொல்ல முடியும்? தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் எழுதி, பின்னால் பொருளைக் குறிப்பிடுங்கள். கணினி இடப்பக்கத்திலிருந்து படித்து வரிசைப்படுத்துவதால், கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். எண் இடுவதானால் 01, 02 என்று இடுங்கள். இல்லையேல் பல மென்பொருள்களில் 2க்கு முன்னால் 10 வந்து நிற்கும்.

இந்தச் சிந்தனை நமக்குப் புதியதன்று. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து நூலக விதிகளில் ஒன்று, தேடி வருபவரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூலுக்குப் பொருந்துவது நிழற்படத்திற்கும் பொருந்தும்.

விலையில்லாமல் கிடைக்கும் ப்ளெண்டர் மென்பொருளில், 2021 டிசம்பரில் வெளிவந்த 3.0 பதிப்பு முதல் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒருமுறை செய்த மின்மினிக்குக் குறிச்சொல் இட்டு அங்கே வைத்துவிட்டால், அடுத்த படத்திலும் எடுத்துப் பயன்படுத்தலாம். படங்களையும் ஒலிகளையும் திட்டக் கோப்பிற்குள்ளேயே பொதிந்து வைக்கும் வசதியும் அதில் உண்டு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில், பயன்படுத்திய கோப்புகள் அனைத்தையும் ஒரே இடத்தில் திரட்டித் தரும் கட்டளை இருக்கிறது. வேலை முடிந்ததும் அதைச் செய்து, இரண்டு நகல்கள் எடுத்து, ஒன்றைப் பள்ளிக்கு வெளியே வைப்பது நலம்.

நேயர்களே, மின்மினியை நாளையும் போய்ப் படம் பிடிக்கலாம். ஆனால் தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து போன பிறகு, அந்தப் பாட்டியின் குரலை எங்கே போய்ப் பதிவு செய்வது? பெயரில்லாமல் கிடக்கும் ஒலிப்பதிவு கையில் இருந்தும் இல்லாததற்குச் சமம். உங்கள் வீட்டுக் கைத்தொலைபேசியில் அப்படி ஒரு குரல் இருந்தால், யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று இன்றே பெயரிட்டு வையுங்கள்.