கோவை பெற்றதும் தந்ததும்



ஒரு பெருநகரம் தன்னைச் சூழ்ந்துள்ள ஊர்களை வளர்க்கின்றதா, அன்றி அவற்றின் வளத்தை உண்டு தான் மட்டும் வளர்கின்றதா? இவ்வினாவுக்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. எங்கள் உடுமலைப்பேட்டைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவு. 2009-இல் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது எங்கள் வட்டம் அதனுடன் சேர்ந்தது. மாவட்டம் மாறிற்று, கோவையோடு எங்களுக்குள்ள கொடுக்கல் வாங்கல் மாறவில்லை.

கொங்கு நாட்டுச் சமவெளி மழை குறைந்த நிலம். ஆதலால் நம் முன்னோர் ஆழக் கிணறு வெட்டினர். எருது பூட்டிக் கவலை இறைத்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி இக்கிணற்றுப் பாசனத்துக்கு நன்கு பொருந்திற்று. 1888-இலேயே நூற்பாலை கண்ட கோவைக்கு அருகிலேயே நல்ல பஞ்சு கிடைத்தது. 1932-இல் நீலகிரியிலுள்ள பைக்காராவில் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. அதன்பின் கோவையில் மட்டுமன்றி, உடுமலை போன்ற ஊர்களிலும் ஆலைகள் எழுந்தன.

இதுவரை நாட்டுப்புறம் நகருக்குத் தந்தது. நகரம் திருப்பித் தந்தது என்ன?

ஆலை இயந்திரம் பழுதுபட்டால் செப்பனிட வேண்டும். அதற்கெனப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் தோன்றின. பழுது பார்த்த கைகள் புதியன செய்யவும் கற்றன. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மின்மோட்டாரை உருவாக்கினர். கோவையில் செய்த மோட்டாரும் பம்பும் எங்கள் தோட்டங்களுக்கு வந்தன. கவலை ஓட்டியவரின் கவலை தீர்ந்தது! விளைச்சல் பெருகிற்று, பெருகிய வருவாயில் ஒரு பகுதி மீண்டும் தொழிலுக்கும் கல்விக்கும் சென்றது. கிணற்றின் தேவையை நகரம் அறிந்திருந்தது. அதனால் இருவரும் வளர்ந்தனர்.

எனினும் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். பம்பு இறைத்த வேகத்துக்கு மழை ஈடு கொடுக்கவில்லை, கிணறுகள் வற்றின, ஆழ்துளைகள் ஆயிரம் அடியையும் கடந்தன. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பல்லாயிரவர்க்கு வாழ்வளித்தது. ஆனால் அதன் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தது. பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கிற்று. 2011-இல் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உழவர் நிலம் கெட்டது. தொழிலாளர் வேலையும் நின்றது. ஆற்றுக்கு இழைத்த கேடு தொழிலையும் விடவில்லை.

ஆகவே நகரத்தின் உயர்வைக் கட்டடங்களால் மட்டும் அளத்தல் பொருந்தாது. சுற்றியுள்ள ஊர்களின் கிணற்றில் நீர் உண்டா, அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் உண்டா என்று கேட்டு அளத்தல் வேண்டும். என்னிடம் பயின்ற பலர் இன்று கோவையில் பணியாற்றுகின்றனர். உங்களுள்ளும் பலர் செல்வீர்கள். செல்லுங்கள், நன்கு கற்றுக்கொள்ளுங்கள். அன்று அந்நகரத்துப் பட்டறைகள் நம் கிணற்றுக்குப் பம்பு செய்தன. இன்று அக்கிணற்றில் நீர் நிலைக்க வழி காண்பது உங்கள் தலைமுறையின் கடமை.