இரவல் எழுத்து



பிள்ளைகள் கணிப்பொறி விளையாட்டில் பொழுதைக் கழிப்பதாக நாம் வருந்துகிறோம். அவர்கள் வகுப்பில் கொடுக்கும் கட்டுரை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோமில்லை. இரவல் எழுத்தை அறிவது அரிதன்று. குழந்தை நடைக்கு நடுவே ஒரு பத்தியில் மட்டும் பேராசிரியரின் குரல் ஒலிக்கும். அங்குள்ள சொல்லுக்குப் பொருள் கேட்டால் பிள்ளை விழிப்பான்.

ஒப்பிட்டுக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிக்கவில்லை. ஆனால் அவை காண்பது ஒத்த சொற்களையே. செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதோ எந்நூலோடும் ஒத்திராமல் தப்பிவிடக்கூடும்! ஆகவே, இரவல் வாங்க இயலாத வினாவைக் கொடுப்பதே வழி. அதற்கு விளையாட்டே துணையாகும் என்பது எம் கருத்து.

1971இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரிலே டான் ராவிட்ச் என்னும் பயிற்சி ஆசிரியர், நண்பர் இருவர் துணையோடு, வரலாற்று வகுப்பிற்கென ‘ஆரிகன் டிரெயில்’ என்னும் விளையாட்டைப் படைத்தார். அன்று திரை இல்லை. தொலைத்தட்டச்சுக் கருவி தாளிலே வினாக்களை அச்சிடும். மேற்கே குடிபெயரும் வண்டிக் குடும்பம் உணவுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு செலவிடுவது? மாணவரே முடிவு செய்ய வேண்டும். ஊர்விட்டு வந்த நமக்கு இக்கணக்குப் புதிதன்று!

அதை ஆடிய பிள்ளையிடம் ‘ஆரிகன் பயணம்’ பற்றி எழுதச் சொன்னால் பிறர் எழுத்தைப் பெயர்த்தெழுதுவான். ‘உன் வண்டி எங்கே நின்றது? ஏன்?’ என்றால் தன் முடிவுகளையே எழுதியாக வேண்டும். அடுத்த ஆண்டுக் கட்டுரைப் போட்டிக்கு இத்தகைய தலைப்பையே அளிக்குமாறு செயற்குழுவை வேண்டுகிறோம்.